ஸ்டாண்ட்பை இருந்தால் மட்டும் போதுமா?

டேட்டாபேஸ் சர்வர் விழுந்தாலும் சேவை நிற்கக்கூடாது என்று திட்டம் போட உட்கார்ந்தால், நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். எவ்வளவு நேரம் நின்றால் தாங்கும்? கடைசியாகப் பதிவானதில் எவ்வளவு போனால் தாங்கும்? பணம் புழங்கும் இடத்தில் இரண்டாவதற்கு எப்போதும் ஒரே பதில்தான்: "எதுவுமே போகக்கூடாது." அந்தப் பதிலுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுக் காட்டுவதில்தான் என் வேலையின் பெரும்பகுதி போகிறது.

எங்களுடையது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். பதிவுகளை ஏற்கும் முதன்மை சர்வரான ப்ரைமரி சென்னையில், அது விழுந்தால் அதன் இடத்துக்கு வரும் நகலான ஸ்டாண்ட்பை மும்பையில் என்றார்கள். எதுவுமே போகக்கூடாதென்றால், ஒவ்வொரு கமிட்டும், அதாவது ஒரு மாற்றத்தை உறுதியாகப் பதிவதும், மும்பையிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். நேர்க்கோட்டில் பார்த்தாலே சுமார் 1,000 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி போய்த் திரும்பவே 10 மில்லி விநாடி ஆகும். மாறும் வரியை வேறு யாரும் தொடாதபடி டேட்டாபேஸ் போடும் பூட்டும் அதுவரை விடுபடாது. ஆக, ஒரே கணக்கின் இருப்பை அடுத்தடுத்து மாற்ற வேண்டுமென்றால் விநாடிக்கு 100 முறைக்கு மேல் முடியாது. இதைச் சொன்னதும் கூட்டத்தில் பேச்சு மாறியது. உடனுக்குடன் ஒத்துப்போகும் ஸ்டாண்ட்பை சென்னையிலேயே வேறு கட்டடத்தில், மும்பைக்குச் சற்றுப் பின்தங்கிய நகல் என்று முடிவானது.

சென்னையிலும் ஒன்று போதாது. இருக்கும் ஒரே ஸ்டாண்ட்பை படுத்துவிட்டால், ப்ரைமரி நன்றாக இருந்தும் கமிட்டுகள் எல்லாம் தொங்கி நிற்கும். பாதுகாப்புக்கு வைத்ததே சேவையை நிறுத்திவிடும். அதனால் இரண்டு வைத்து, எதாவது ஒன்று பதில் சொன்னால் போதும் என்று அமைத்தோம். போஸ்ட்கிரெஸ் 10-இலிருந்து இந்த வசதி உண்டு.

அடுத்தது, ப்ரைமரி விழுந்தால் ஸ்டாண்ட்பைக்கு யார் மாற்றுவது? 2018 அக்டோபர் 21 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நெட்வொர்க் 43 விநாடிதான் அறுந்தது. அதற்குள் தானியங்கி மென்பொருள் ப்ரைமரியை அமெரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் நகலாகாத பதிவுகள் கொஞ்சம், மேற்கில் புதிய பதிவுகள். இரண்டையும் ஒப்பிட்டுச் சேவை முழுதாகச் சீராக 24 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த அறிக்கையைப் படித்ததிலிருந்து, ஊர் விட்டு ஊர் மாற்றுவதை இயந்திரத்திடம் விட எனக்கு மனமில்லை.

எனவே சென்னைக்குள் பாட்ரோனி என்ற மென்பொருள் தானாக மாற்றும். எது ப்ரைமரி என்பதைப் பெரும்பான்மையால் உறுதிசெய்து அதற்குத் துணை நிற்கும் மூன்று எட்சிடி சர்வர்களும் மூன்று வெவ்வேறு கட்டடங்களில்; இரண்டு ஒரே இடத்தில் இருந்து அங்கே மின்சாரம் போனால் பெரும்பான்மையே இருக்காது. மும்பைக்கு மாற்ற ஒரு மனிதர் 'சரி' சொல்ல வேண்டும். யார் சொல்லலாம், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார் என்பது திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.