பெயர் மாறிய சீமைக் கருவேலமும் ஒரு குமாஸ்தாவும்

கடலோரப் புதர்ச்செடிகளின் பட்டியலைப் புது அறிவியல் பெயர்களோடு அரசு அலுவலகத்தில் கொடுக்கப் போகிறீர்களா? படிவத்தில் என்ன போட்டிருந்தாலும் பழைய பெயரையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எங்கள் படிவத்தில் 'தற்போதைய பெயர் மட்டும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அங்கேதான் ஆரம்பித்தது வினை.

ராமநாதபுரம் பக்கம் செடி சேகரித்தது, உலர்த்தியது எல்லாம் வழக்கம்போல் முடிந்தது. உப்பு நிலத்தில் வளரும் சதைப்பற்றான உமரி மட்டும் காய்ந்ததும் கணுக்கணுவாக உதிரும். உதிர்ந்ததைக் காகித உறையில் போட்டு, உலர்ந்த செடியை ஒட்டி வைக்கும் ஹெர்பேரியம் ஷீட்டிலேயே ஒட்டுங்கள். ஒரு துண்டை ஸ்பிரிட்டிலும் போட்டு வையுங்கள்.

பட்டியலைப் பார்த்த குமாஸ்தா 'நெல்டுமா ஜூலிஃப்ளோரா'வில் விரலை வைத்தார். "இது எங்க லிஸ்ட்லயே இல்லையே சார். புதுச் செடியா?" சீமைக் கருவேலம்தான் என்றேன். "அப்ப புரோசாபிஸ்னு போடுங்க" என்று காகிதக் கட்டைத் திருப்பித் தள்ளினார்.

2022இல் ஃபைட்டோகீஸ் என்ற தாவரவியல் இதழில் வந்த கட்டுரையில், புரோசாபிஸ் என்ற பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். வன்னியோடு சேர்த்து மூன்றே இனங்கள்தான் அதில் மிச்சம். சீமைக் கருவேலம் போய்ச் சேர்ந்த நெல்டுமாவும் நேற்று வைத்த பெயரில்லை, ரஃபினெஸ்க் என்ற தாவரவியலாளர் 1838இல் வைத்தது. இதையெல்லாம் சொன்னால் அவர் கேட்க வேண்டுமே! வன்னி மட்டும் ஏன் புரோசாபிஸாகவே இருக்கிறது என்று மடக்கினார். நியாயமான கேள்விதான். அந்தப் பேரினத்துக்கே வகைமாதிரி, அதாவது பெயருக்கு அடையாளமாக வைத்த இனம், வன்னி; அதனால் பெயர் அதனிடமே தங்கிவிட்டது.

அடுத்த முறை இரண்டு குச்சிகளை ஒடித்துக்கொண்டு போனேன். வன்னியில் முள் கணுக்களுக்கு நடுவே தண்டெங்கும் சிதறியிருக்கும். சீமைக் கருவேலத்தில் கணுவிலேயே, இலையின் அடியிலிருந்து கிளம்பும். மேலதிகாரி தடவிப் பார்த்தார், "அட, ஆமா" என்றார். கட்டுரையின் முதல் பக்க நகலை இணைத்ததும் கையெழுத்து விழுந்தது. அந்த நகலை முதலிலேயே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை!

உமரி வகையில் ஒன்று ஆர்த்ரோக்நீமமாக இருந்து, ஹாலோசார்சியாவாகி, 2007இல் டெக்டிகார்னியா இண்டிகா ஆனது. மூன்றையும் எழுதிக் கொடுத்தேன், வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொன்று: ஹெர்பேரியம் ஷீட்டில் பழைய லேபிளைக் கிழிக்காதீர்கள். புதுப் பெயர், திருத்தியவர் பெயர், தேதி எழுதிய சீட்டைத் தனியாக ஒட்டினால் போதும்.

குடைவேல மரத்தின் பெயரை வச்செல்லியா என்று மாற்றச் சொன்னதற்கு மட்டும், "அக்கேசியாவே இருக்கட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்கள்.