டீக்கடை அண்ணனின் துண்டு

108 ஆம்புலன்ஸில் இஎம்டி, அதாவது அவசர மருத்துவ உதவியாளர் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. உளுந்தூர்பேட்டை பக்கம் நெடுஞ்சாலையில் விபத்து என்று அழைப்பு வந்தால், பைலட் (எங்கள் டிரைவரை அப்படித்தான் சொல்வோம்) வண்டியை எடுக்கும்போதே எனக்குள் ஓடுவது ஒன்றுதான்: இப்போது அடிபட்டவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

போன மாசியில் ஒரு பையன். பைக் தடுப்புக் கம்பியில் மோதித் தொடை கிழிந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேரப் பதினெட்டு நிமிஷம். ஒரு பெரிய ஆளின் உடம்பிலேயே சுமார் 5 லிட்டர் ரத்தம்தான். தொடைத் தமனி அறுந்திருந்தால் சில நிமிஷங்களில் உயிர் போய்விடும்.

ஆனால் எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணன், தோளில் கிடந்த துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, முட்டி போட்டு இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். துண்டு நனைந்தபோதும் அதை எடுக்கவில்லை; மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்தியிருக்கிறார். எடுத்துப் பார்த்திருந்தால் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பீறிட்டிருக்கும். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "யாருமில்ல தம்பி. ரத்தம் நிக்கணுமே, அதான் கையை எடுக்கல."

அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "என் பேரு கேஸுல வராதில்ல?"

அவ்வளவு செய்தவருக்கும் அந்தப் பயம்! 2016-லேயே உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவு வந்துவிட்டது. பெயர் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. சொன்னேன், அரைமனதாகத் தலையாட்டினார்.

எல்லா இடத்திலும் இப்படி அமைவதில்லை. தலையில் அடிபட்டு மயங்கிக் கிடந்த ஒருவர் வாயில் சோடா ஊற்றியிருந்தார்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கி, வண்டியிலேயே மூச்சுக்குத் திணறினார். ஊற்றியவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுப்பதுதானே நம் ஊர்ப் பழக்கம். மயங்கியவருக்கு மட்டும் எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி வந்தால், கழுத்து திருகாமல் தலையும் உடம்பும் சேர்ந்தாற்போல ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்கவும் வேண்டாம். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் தண்டுவடமும் போய்விடும்.

போன வாரம் அந்தக் கடையில் டீ குடித்தேன். பையன் கால் ஊன்றி நடக்கிறான் என்றேன். டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, பக்கத்தில் நின்ற லாரி டிரைவரின் தொடையில் துண்டை வைத்து, எங்கே எப்படி அழுத்தினார் என்று காட்ட ஆரம்பித்தார்.