ஐந்துக்கு எவ்வளவு: திருவனந்தபுரம், டிசம்பர் 2022

டிசம்பர் 9, வெள்ளி

நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் தொடக்கம். வர இயலாத ஈரானிய இயக்குநர் மஹ்னாஸ் முகமதி, ஈரானியப் பெண்களின் போராட்டத்துக்கு அடையாளமாகத் தன் தலைமுடியை வெட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். அதை கிரேக்க இயக்குநர் அதினா ரேச்சல் சங்காரி மேடையில் உயர்த்திக் காட்டினார். அதன் பிறகு ஒரு படத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவது சிறிய வேலையாகத் தோன்றியது, ஆனாலும் போட்டேன். 'டோரி அண்ட் லோகிடா', 4. அக்காள் தம்பி என்று சொல்லிக்கொண்டு பெல்ஜியத்தில் பிழைக்கும் இரண்டு பிள்ளைகளைப் பற்றி, ஒரு சொட்டுக் கண்ணீரைக்கூட நம்மிடம் கேட்காமல் எடுத்திருக்கிறார்கள்.

இரவு வார்டில் அப்பா கேட்டார்: "எவ்வளவு போட்ட மக்களே?" புயல் மாமல்லபுரத்தை நெருங்குவதாகத் தங்கை சென்னையிலிருந்து பேசினாள்.

டிசம்பர் 10, சனி

மூன்று படங்கள்: 2, 3, 2½. உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரேசில் நேற்றிரவு தோற்றுவிட்டது. அதன் கொடி கட்டிய ஆட்டோக்கள் இன்று கொடியில்லாமல் ஓடுகின்றன. அப்பாவின் திசுவை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

டிசம்பர் 11, ஞாயிறு

'உட்டாமா'. பொலிவியாவின் மேட்டுநிலத்தில் மழையற்றுப்போன ஊரில், கெச்சுவா மொழி பேசும் ஒரு கிழவரும் கிழவியும் லாமாக்களை மேய்த்து வாழ்கிறார்கள். தண்ணீருக்காக சிசா நடக்கும் தூரம் நாளுக்கு நாள் நீள்கிறது. கணவர் விர்ஹினியோ இருமிக்கொண்டே இருக்கிறார். அதை மனைவியிடமிருந்து மறைக்கிறார். நகரத்திலிருந்து வந்த பேரன் கண்டுபிடித்து மருத்துவரிடம் அழைத்தாலும் வர மறுக்கிறார். இயக்குநர் அலெஹாந்த்ரோ லோய்ஸா கிரிஸி புகைப்படக்காரராக இருந்தவர். இது அவருடைய முதல் படம். அந்த முதியவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர், நிஜ வாழ்விலும் கணவன் மனைவி. வாசலில் அவர்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கும் விதத்தில் அது தெரிகிறது.

ஐந்து என்று எழுதிவிட்டு, உடனே அடித்தேன். அந்த இருமலின் ஓசை என் உடம்பில் ஏறியது படத்தின் திறமையாலா, அல்லது ஆகஸ்ட் மாதம் முழுவதும் பக்கத்து அறையில் அதே ஓசையைக் கேட்டும் தூசி ஒவ்வாமை என்று நான் நம்பிக்கொண்டிருந்ததாலா? வேறொரு ஆண்டில் பார்த்திருந்தால், வெட்டவெளிக் காட்சிகளின் அழகு சற்று மிகுதி என்று சொல்லி நாலரை போட்டிருப்பேன். இயக்குநர் செய்த வேலைக்குத்தான் மதிப்பெண். என் வீட்டுக் கவலையை அவர் கணக்கில் வரவு வைக்கலாகாது. மதிப்பெண் ஏட்டில் அதன் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அப்பாவிடம் கதையைச் சொல்லவில்லை. லாமாக்களின் காதுகளில் இளஞ்சிவப்பு நூல் கட்டியிருப்பார்கள் என்பதை மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 12, திங்கள்

'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்துக்குத் தாகூர் அரங்கின் வரிசை வாசலைத் தாண்டிச் சாலை வரை நின்றது. உள்ளே போக முடியவில்லை.

டிசம்பர் 13, செவ்வாய்

காலைப் படத்துக்கு 1 போட்டேன். மதியம் வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது. இரவெல்லாம் நாற்காலியில் விழித்திருந்துவிட்டு, பாதிப் படத்தில் கண்ணயர்ந்தவன் எந்த உரிமையில் ஒன்று போடுகிறேன்? கையில் காசில்லாமல், நண்பர்களை நடிக்க வைத்து, ஆண்டுக்கணக்கில் ஒருவர் எடுத்த படம் அது. நாற்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய அப்பா, தலைவலியோடு தாளைத் தொடக்கூடாது என்பார். ஒன்றை அடித்துவிட்டு 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். அதுதான் உண்மை.

உட்டாமாவின் கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

டிசம்பர் 14, புதன்

'நண்பகல் நேரத்து மயக்கம்' பார்த்துவிட்டேன். வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளி ஒருவர் வழியில் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, காணாமற்போன சுந்தரமாகவே ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். மம்மூட்டி தமிழ் பேசுகிறார். தேனி ஈஸ்வரின் கேமரா அசையாமல் நின்று பார்க்கிறது. எங்கிருந்தோ பழைய தமிழ்ப் படப் பாட்டும் வசனமும் ஓயாமல் காற்றில் வருகின்றன. அரங்கில் தமிழைக் காதால் கேட்டவர்கள் முதலில் சிரித்தோம். திரையின் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்தைப் படித்தவர்கள் ஒரு மூச்சுக்குப் பின் சிரித்தார்கள். நாகர்கோவில்காரனான எனக்கு இரண்டு மொழியும் வீட்டு மொழிதான். அந்த ஒரு மூச்சு இடைவெளியில் உட்கார்ந்திருப்பது எத்தனை இன்பமாக இருந்தது! 4½. பார்வையாளர் வாக்கையும் இதற்கே அளித்தேன்.

அரை மதிப்பெண் ஏன் குறைந்தது என்று அப்பா கேட்டார். காரணம் எழுதாமல் குறைக்கக்கூடாதாம். வெகுநேரம் யோசித்தும் காரணம் கிடைக்கவில்லை.

டிசம்பர் 15, வியாழன்

அப்பாவின் பரிசோதனை முடிவு வரவில்லை. படத்துக்குப் போகவில்லை.

டிசம்பர் 16, வெள்ளி

விழாவின் முதன்மைப் பரிசான சுவர்ண சகோரம் உட்டாமாவுக்கு. பார்வையாளர் விருது நண்பகலுக்கு. வாழ்நாள் சாதனை விருது ஹங்கேரிய இயக்குநர் பேலா தாருக்கு. வார்டில் உட்கார்ந்து, நிறைவு விழாச் செய்தியைக் கைபேசியில் பார்த்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "நீ அதுக்கு எவ்வளவு போட்டன்னு சொல்லவே இல்லையே" என்றார். ஏட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெற்றுக் கட்டத்தில் விரலை வைத்தார். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் கதையை முழுவதுமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன், இருமலையும் சேர்த்து. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

டிசம்பர் 17, சனி

காலை 7.10. மருத்துவர் எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார். தம்பி பேருந்து நிலையத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறான். மதிப்பெண் ஏடு இன்னும் அப்பாவிடம்தான் இருக்கிறது.