அப்பாவோட ஜிப்ஸி

அப்பா வாங்குன 98 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், ஜீப் மாதிரி வண்டி, இன்னும் கோத்தகிரில எங்க வீட்டு வாசல்லதான் நிக்குது. 1.3 லிட்டர் பெட்ரோல், கார்புரேட்டர் வண்டி, நாலு பக்கமும் இரும்புப் பட்டைய அடுக்குன லீஃப் ஸ்பிரிங், அந்த தூக்கிப்போடுற போடுக்கு அம்மா பின்சீட்டுல உக்காரவே மாட்டாங்க. ஆனா மழைல தோட்டத்து மண்ரோடு சேறாகி பிக்கப் எல்லாம் மாட்டிக்கும்போது, எறங்கி முன்சக்கரத்துல ஹப் லாக் (முன்சக்கரத்துக்கும் இழுவை போக வைக்கிற பூட்டு) போட்டுட்டு, நாலு சக்கரமும் மெதுவா ஆனா பலமா இழுக்குற ஃபோர்-லோ கியர்ல வச்சா, எடை கிட்டத்தட்ட ஒரு டன்தான்ங்கறதால புதையாம மெதுவா ஏறி வந்துரும் பாருங்க, அப்போ அத கட்டிப்புடிச்சிக்கலாம்னு இருக்கும்!

இன்ஜின் பெருசா தொல்லை குடுத்ததே இல்ல. எதிரின்னா துருதான். மலை மழையும் பனியும் சேர்ந்து அரிச்சதுல ஃப்ளோர ரெண்டு தடவ வெட்டி வெல்டிங் வச்சாச்சு, இப்ப வருஷாவருஷம் ஜூனுக்கு முன்னாடி அடியில பெயிண்ட். மைலேஜ் 9, 10தான். தயாரிப்பு நின்னப்ப ஸ்பேர் கெடைக்காதோன்னு பயந்தேன், ராணுவ ஏலத்துல வர்ற வண்டிகளால பார்ட்ஸ் இன்னும் கெடைக்குது. 15 வருஷம் முடிஞ்சு 2013ல ஆர்சி புதுப்பிச்சோம், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா.

விக்கிறீங்களான்னு அடிக்கடி கேக்குறாங்க. அப்பா கையெழுத்துல சர்வீஸ் கணக்கு நோட்டு இன்னும் உள்ளயே இருக்கு, குடுக்க மனசு வரல.