சொல்தா தாத்தா

அப்பாவோட பெரியப்பாவ நாங்க தாத்தான்னு தான் கூப்பிடுவோம், ஆனா முத்தியால்பேட்டையில எங்க தெருவுக்கு அவரு சொல்தா தான். பிரெஞ்சு மிலிட்டரில இருந்து பென்ஷன் வாங்குறவங்க யாரா இருந்தாலும் பாண்டில அதான் பேரு. அந்த பேர சொல்லும்போதே கொஞ்சம் வயித்தெரிச்சலும் இருக்கும், சும்மா உக்காந்து பிராங்க் வாங்குறாரு, அப்புறம் யூரோ வாங்குறாருன்னு.

அவரு மிலிட்டரில சேந்ததுக்கு தேசபக்தி எல்லாம் காரணமே இல்ல. தறி ஓட்டி வீட்ல சோறு பத்தல, 1950 வாக்குல வியட்நாம்ல இருக்குற சைகோனுக்கு கப்பல் ஏறிட்டாரு, அப்போ அங்கயும் பிரெஞ்சு ஆட்சி தான். அங்க லாரி ஓட்டுற வேலை. லாரின்னா சுகமான வேலைன்னு நினைக்காதீங்க, ரோட்ல எந்த இடத்துல கண்ணிவெடி இருக்கும்னு தெரியாது, முன்னாடி போன வண்டி ஒண்ணு வெடிச்சதுல இவருக்கு இடது காது போச்சு. அதனால எங்க வீட்ல ரகசியம் பேசணும்னா அவருக்கு இடது பக்கமா உக்காந்துப்போம்.

1954 மே 7 வியட்நாம்ல பிரெஞ்சுக்காரனோட தியன் பியன் பூ ராணுவ முகாம் விழுந்துச்சு. அதே வருஷம் நவம்பர் 1 இங்க பிரெஞ்சுக்காரன் கொடிய இறக்கி நிர்வாகத்த இந்தியா கையில குடுத்துட்டான். யாருக்காக அங்க துப்பாக்கி தூக்குனாரோ அவங்க இங்க மூட்டை கட்டியாச்சு. "கப்பல் ஏறும்போது ஊரு பிரான்சு, லீவுல வந்தா இந்தியா, என்னைய ஒரு வார்த்தை யாரும் கேக்கலடா"ன்னு சிரிப்பாரு. அவர மட்டுமா கேக்கல, இந்தியாவோட சேரலாமான்னு கீழூர்ல ஓட்டு போட்டதே 178 பிரதிநிதிங்க தான், அதுல 170 பேர் இந்தியா பக்கம்.

அப்புறம் ஆப்பிரிக்காவுல அல்ஜீரியா, அதுவும் அப்போ பிரான்ஸ் கையில தான். அத பத்தி கேட்டா மலைக்குளிர பத்தி மட்டும் தான் பேசுவாரு, வேற ஒண்ணும் வராது. ரெண்டு இடத்துலயும் சுதந்திரம் கேட்டவங்கள எதிர்த்து தான் போயிருக்காரு, அது அவருக்கும் நல்லாவே தெரியும்னு தான் நான் நினைக்கிறேன். 15 வருஷ சர்வீஸ் முடிச்சு பென்ஷனோட ஊருக்கு வந்துட்டாரு.

அதுக்கு முன்னாடியே, 1962 ஆகஸ்ட் 16 பாண்டிய சட்டப்படி இந்தியாவுக்கு குடுக்குற ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்போ, பிரெஞ்சு குடியுரிமை வேணும்னா ஆறு மாசத்துல எழுதி குடுக்கணும்னு சொன்னாங்க. அவரு குடுத்தாரு, அவர் தம்பி, அதாவது எங்க சொந்த தாத்தா, குடுக்கல. ஒரே வாசல், ஒரே கிணறு, ஆனா பாதி வீடு பிரான்சு பாதி வீடு இந்தியா. அவங்க பேரப்பசங்க பாரிஸுக்கு பஸ் ஏறுற மாதிரி போவாங்க, நாங்க விசாவுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் தூக்கிட்டு அலைவோம். எங்க பாட்டி சாகுற வரைக்கும் இதுக்காக எங்க சொந்த தாத்தாவ திட்டிட்டே இருந்துச்சு.

பிரான்சோட தேசிய நாள் ஜூலை 14 வந்தா, சொல்தா தாத்தா முந்தின நாளே புளி போட்டு மெடல தேய்ப்பாரு, பாச்சை உருண்டை வாசனையோட கோட்டு வெளிய வரும். வெயில் கொளுத்தும், ஆனாலும் கழுத்து பட்டன் வரைக்கும் போட்டுட்டு பீச் ரோட்டு போர் நினைவுச்சின்னத்துக்கு கிளம்பிடுவாரு.

அவரு போனதுக்கப்புறம் மெடல எல்லாம் அத்தை பையன் பாரிஸுக்கு எடுத்துட்டு போயிட்டான், பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்குறவனுக்கு தான் சேரணுமாம். கோட்டு எங்க பீரோல தான் இருக்கு, அத அவன் கேக்கவும் இல்ல, நாங்க குடுக்கவும் இல்ல.