கழலாத 17 நம்பர் போல்ட்

ஊரில் எல்லோரும் இதை கிராங்க் நட்டு என்பார்கள். என் பழைய ஹோண்டா சிவிக்கில் அது நட்டே இல்லை, 17 நம்பர் தலை உள்ள போல்ட். டைமிங் பெல்ட் மாற்ற கிராங்க் புல்லி, அதாவது இஞ்சினின் சுழல் தண்டு முனையில் இருக்கும் சக்கரம், வெளியே வர வேண்டும். அதைப் பிடித்திருப்பது இந்த ஒரே போல்ட்தான். சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு பட்டறையில் இம்பாக்ட் கன்னால் அரை மணி நேரம் அடித்துப் பார்த்துவிட்டு காடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை வீட்டு வாசலிலேயே ஸ்டாண்டில் ஏற்றி, இடது முன் டயரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு மாமா வந்தார். தோட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"எதுக்குத் தம்பி மல்லுக்கட்டுற? போல்ட்ல மாட்டுன கம்பிய சேசிஸ்ல முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டர ஒரு தட்டு தட்டுலா. சாகாவ நான் அப்படித்தான் கழட்டினேன்."

புரோட்டான் சாகா காருக்குச் சரி. அதன் இஞ்சின், புல்லிப் பக்கமிருந்து பார்த்தால், கடிகார முள் போலச் சுற்றும். என் சிவிக்கின் டி வரிசை இஞ்சின் அதற்கு நேரெதிர். மரையோ வழக்கமான வலது மரை, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பினால்தான் கழலும். ஸ்டார்ட்டரைத் தட்டினால் போல்ட் இன்னும் இறுகும். மாமா நம்பவில்லை. இக்னிஷன் வயரைப் பிடுங்கிவிட்டு, சாவியை ஒரு நொடி திருப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்தவர், "அட, ஆமாலா" என்றார்.

ஐந்தாம் கியர் போட்டு மனைவியை பிரேக் மிதிக்கச் சொல்லியும் பார்த்தேன். மவுண்டிங்கில் இஞ்சின் ஆடியதே தவிர போல்ட் அசையவில்லை. தீ வைத்துச் சுடலாம் என்றால் பின்னால் இருக்கும் ஆயில் சீல் கருகிவிடும். புல்லியை அசையாமல் பிடிக்காமல் இந்த வேலை நடக்காது. அதன் நடுவே 50 மில்லிமீட்டர் அறுகோணப் பள்ளம் உண்டு. அதில் உட்காரும் பிடிப்பானை ஈப்போவில் 60 வெள்ளிக்கு வாங்கி வந்தேன். அதன் கைப்பிடியை முன்பக்கம் நீட்டி, தரையில் ஒரு கட்டையின் மேல் நிறுத்தினேன். நடுத் துளை வழியாக நீள எக்ஸ்டென்ஷன், அதன் வெளிமுனை தொங்காமல் இருக்க அடியில் ஒரு ஸ்டாண்ட். இதை விட்டால் சாக்கெட் சாய்ந்து போல்ட் தலையின் முனைகளை மழுக்கிவிடும்.

கம்பியை நீட்ட, மாமா குலை அறுக்கும் அலுமினியக் கம்பில் ஒரு துண்டு கொண்டுவந்தார். ஏறி நின்றதும் வாழைத்தண்டு போல வளைந்தது. அப்புறம் இடித்த லயத்து வரிசை வீட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த தண்ணீர்ப் பைப், துத்தநாகம் பூசிய இரும்பு, ஒன்றேகால் மீட்டர். நான் 70 கிலோ. முனையில் முழு எடையையும் போட்டால் 850 நியூட்டன் மீட்டருக்கு மேல். போல்ட்டின் இறுக்க அளவோ 181தான்.

டமார்!

போல்ட் முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். தொட்டுப் பார்த்தால், விரலாலேயே சுற்றிக் கழன்று வந்தது.

பெல்ட் மாற்றியது சாதாரண வேலை. மரையில் சொட்டு ஆயில் விட்டு, டார்க் ரெஞ்சில் 181 வைத்து இறுக்கினேன். கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமா கேட்டார்: "இஞ்சின் எதிர்ப்பக்கம் சுத்துதுன்னா, ரிவர்ஸ் போட்டா முன்னாடி போகுமா தம்பி?"