பின்பக்கக் கனம்: ஒரு குளிர்கால நாட்குறிப்பு

4 நவம்பர் 2023, சனி

எஞ்சின் இறங்கிவிட்டது. போர்ஷே 911, 1976 மாடல், 2687 சிசி, 165 குதிரைத்திறன். கியர்பாக்ஸைத் தனியே பிரிக்காமல் இரண்டையும் ஒன்றாக இறக்குவதுதான் வசதி. அடியில் மேசை ஜாக்கைக் கொடுத்துவிட்டு, பிறகு காரைத்தான் மேலே தூக்க வேண்டும். இறக்கும் முன் கழற்ற வேண்டியவை: பேட்டரி, ஸ்டார்ட்டரின் தடித்த வயர், எர்த் பட்டை, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கம்பி, இரண்டு ஆயில் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள். எல்லாரும் மறப்பது எர்த் பட்டையைத்தான். பாதி இறங்கியதும் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாயும், அப்போதுதான் நினைவு வரும்.

ஆயிலை இரண்டு இடத்தில் வடிக்க வேண்டும். டாங்கியில் ஒரு போல்ட், எஞ்சின் அடியில் ஒரு போல்ட். சுமார் 10 லிட்டர் வருகிறது; மிச்சம் கூலரிலும் குழாய்களிலும் நின்றுவிடும்.

எண்பலகையின் ஓரத்தில் மேலே 04, கீழே 10; அதாவது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் ஓட்டும் பருவகாலப் பதிவு. ஏப்ரல் 1-க்கு முன் சாலையில் இறக்க முடியாது. ஏப்ரல் 1-க்குள் முடியுமா என்பதுதான் கேள்வி.

5 நவம்பர், ஞாயிறு

மூன்றாம் சிலிண்டர், கீழ் வரிசை. ஹெட்டையும் சிலிண்டரையும் கேஸோடு (எஞ்சினின் அடிக்கூடு) சேர்த்துப் பிடிக்கும் ஸ்டட்டின், அதாவது நீண்ட மரைக்கம்பியின், நட். 10 மி.மீ. ஆலன் சாவியை விட்டால் விரலுக்கே சுற்றுகிறது. 32 நியூட்டன் மீட்டர் இறுக்கம் இருக்க வேண்டிய இடம்.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது சைலன்ஸர் ஓட்டை மாதிரி 'டப் டப்' என்று கேட்டு, சூடானதும் அடங்கிப் போனதே, அது சைலன்ஸரே இல்லை. சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் காற்று வெளியேறும் சத்தம். பலர் இரண்டு சைலன்ஸர் மாற்றிய பிறகுதான் இந்தப் பக்கம் பார்ப்பார்கள்.

11 நவம்பர், சனி

ராக்கர் (வால்வைத் தள்ளும் நெம்பு) ஷாஃப்ட் கழற்றுவதில் ஒரு சூட்சுமம். ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கூம்பு இருக்கிறது. நடுவில் ஓடும் போல்ட்டை இறுக்கினால் கூம்பு உள்ளே போய் முனை விரிந்து, துளையைப் பிடித்துக்கொள்ளும். போல்ட்டைத் தளர்த்திவிட்டு லேசாகத் தட்டினால் வெளியே வரும். வராவிட்டால் ஓங்கி அடிக்கக் கூடாது, துளையில் கீறல் விழுந்தால் அதன் வழியே ஆயில் கசியும். 12 ராக்கர், 12 ஷாஃப்ட். எது எந்த வால்வுடையது என்று முட்டை அட்டையில் எழுதி வைத்தாயிற்று.

ஹெட் வந்தது. சிலிண்டர் வந்தது. அந்த ஸ்டட்டும் வந்தது, தானாகவே. நுனியில் கேஸின் மரை முழுவதும் சுருள்வில் மாதிரி சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினால் பொடியும் அளவுக்கு மெல்லிசாக.

12 நவம்பர், ஞாயிறு

கணக்குப் போட்டுப் பார்த்தால் இப்படி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஸ்டட் எஃகு. அது பிடித்து நிறுத்தும் சிலிண்டரும் ஹெட்டும் அலுமினியம். 150 டிகிரி சூடு ஏறினால் 100 மி.மீ. அலுமினியம் ஏறக்குறைய 0.35 மி.மீ. நீளும், அதே நீள எஃகு 0.18. மிச்சமுள்ள 0.17 மி.மீ. இழுவையாக ஸ்டட்டில் ஏறி, ஸ்டட் தன் பங்குக்கு மரையை இழுக்கிறது. மரை இருப்பதோ மக்னீசியத்தில். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இதே இழுபறி. நாற்பத்தேழு வருஷம்.

76, 77 மாடல்களில் விசிறியை 11 இதழிலிருந்து 5 இதழாக்கினார்கள். காற்றால் குளிரும் எஞ்சினில் காற்றில் கை வைத்தது என்ன புத்தியோ.

18 நவம்பர், சனி

ஏன் மக்னீசியம்? முதலில் அலுமினிய கேஸ்தான். 1968-இல் மக்னீசியத்துக்கு மாறினார்கள், ஏறத்தாழ 10 கிலோ மிச்சம். வேறு கம்பெனிக்காரன் 10 கிலோவுக்கு இவ்வளவு சிரமப்பட மாட்டான். இங்கே அந்த 10 கிலோ பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் கனம் முன்னே பாயும், பின்சக்கரம் பிடி விடும், கார் வாலைச் சுழற்றிவிடும்.

இந்த ஒரு சங்கதியைச் சரிக்கட்ட அவர்கள் செய்ததையெல்லாம் அடுக்கினால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. ஆரம்பகாலக் கார்களில் முன் பம்பரின் இரு மூலையிலும் 11 கிலோ வார்ப்பிரும்புக் கட்டி ஒவ்வொன்று. 1969 மாடலில் பின்சக்கரத்தை 57 மி.மீ. பின்னுக்குத் தள்ளி, அச்சுகளுக்கு இடையே 2211 இருந்ததை 2268 ஆக்கினார்கள். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருந்தது. அதே வருஷம் ஒரு பேட்டரி இரண்டாகி, முன்பக்கம் மூலைக்கு ஒன்றாகப் போனது. முன்னால் இரும்பைச் சேர், பின்னால் உலோகத்தை இளை. எஞ்சினை மட்டும் நகர்த்தாதே.

27 நவம்பர், திங்கள்

ஸ்டுட்கார்ட்டின் சுஃபென்ஹவுசனில் உள்ள போர்ஷே அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும். மூடியிருந்தது.

3 டிசம்பர், ஞாயிறு

கேஸ் பட்டறைக்குப் போயிற்று. கூடவே எழுதிக் கொடுத்தது: 24 துளையிலும் இன்செர்ட் (மரைக்குழல்) போட வேண்டும், கழன்ற ஒன்றுக்கு மட்டும் போட்டால் போதாது. வெளியே பெரிய மரை, உள்ளே பழைய 10 மி.மீ. மரை. கை டிரில் ஆகாது. மில்லிங் மெஷினில் கேஸைக் கட்டி, சிலிண்டர் உட்காரும் முகத்துக்குச் செங்குத்தாகத்தான் துளையிட வேண்டும். துளை அரை டிகிரி சாய்ந்தாலும் ஸ்டட்டின் மறுமுனை ஹெட் துளையின் ஓரத்தில் உரசும். இன்செர்ட்டின் தலை முகத்தைவிட ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். மெயின் பேரிங் துளைகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லியாயிற்று. மக்னீசியம் சூட்டில் முறுக்கிக்கொள்ளும்.

மக்னீசியச் சீவல் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணல்தான்.

ஜனவரி 15 என்று வாக்கு.

16 டிசம்பர், சனி

அருங்காட்சியகம். போர்ஷே பெயரில் வந்த முதல் மாடலான 356-இன் முதல் கார், 'நம்பர் 1'. சாலையில் ஓட அனுமதி கிடைத்தது 8 ஜூன் 1948. கட்டியது ஸ்டுட்கார்ட்டில் அல்ல, ஆஸ்திரியாவின் க்மூண்டில். போருக்கு ஒதுங்கிப் போன இடம். வோல்க்ஸ்வாகன் எஞ்சின், 1131 சிசி, 35 குதிரைத்திறன், காரின் எடை 585 கிலோ.

அந்தக் காரில் எஞ்சின் பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது! நடுவில். சரியான இடத்தில். அடுத்து விற்பனைக்கென்று செய்தவற்றில் அதைத் திருப்பி அச்சுக்குப் பின்னே வைத்தார்கள். காரணம் எளிது: சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைக்கவும் குழந்தைகள் உட்காரவும் இடம் வேண்டும். அந்த முடிவின் வால்தான் மூன்றாம் சிலிண்டர் கீழ் வரிசை ஸ்டட் வரை வந்து நிற்கிறது.

24 டிசம்பர், ஞாயிறு

24 ஸ்டட், 24 நட், 24 வாஷர் வந்து சேர்ந்தன. சாதா எஃகு ஸ்டட்தான். டிலாவர் வேண்டாம். அலுமினியத்தோடு ஒத்து நீளும் என்று கொண்டு வந்த உலோகம் அது. நீண்டது சரிதான், ஈரம் பட்டுத் துரு குடைந்து எஞ்சின் சும்மா நிற்கும்போதே முறிந்தது.

6 ஜனவரி 2024, சனி

72 மாடலில் ஒரு வருஷம் மட்டும் ஆயில் டாங்கியைப் பின்சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தினார்கள். மறுபடியும் அதே பின்பக்கக் கனம். வலப்பக்கக் கதவுக்குப் பின்னால், வெளியே, அதற்கு ஒரு மூடி. பெட்ரோல் பங்கில் நிற்பவர்களுக்கு அது பெட்ரோல் மூடி மாதிரியே தெரிந்தது. ஆயில் டாங்கியில் பெட்ரோலைப் பிடித்துவிட்டார்கள். 73-இல் டாங்கி பழைய இடத்துக்கே போயிற்று. எடையைக் கணக்குப் போட்டவர்கள் பங்க் பையனைக் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தக் காரின் ஆயில் அளவும் பலருக்குக் குழப்பம்தான். எஞ்சின் நன்றாகச் சூடாகி, சமதளத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஆயில் கீழே இறங்கி, குச்சியில் ஒன்றுமே தெரியாது. பயந்து 2 லிட்டர் ஊற்றினால் மூச்சுக் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குள் போய்ப் புகை மண்டும்.

15 ஜனவரி, திங்கள்

கேஸ் வரவில்லை.

21 ஜனவரி, ஞாயிறு

வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

எஞ்சின் முன்னால் இருக்கும், தண்ணீரால் குளிரும் காரையும் செய்தார்கள்: 928. 1978-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டமும் வாங்கியது. 911-ஐ மூடிவிட்டு அதை உட்கார வைப்பதுதான் திட்டம். 1981-இல் பீட்டர் ஷூட்ஸ் தலைமைக்கு வந்தார். தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் ஹெல்முத் போட்டின் அறைச் சுவரில், எந்த மாடல் எதுவரை என்று காட்டும் ஒரு வரைபடம்; 928, 944 கோடுகள் மேலே போக, 911 கோடு மட்டும் 1981-இல் நின்றிருந்தது. ஷூட்ஸ் மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டைத் தாளின் ஓரம் வரை இழுத்து, தாளைத் தாண்டிச் சுவரிலும் இழுத்தார் என்பார்கள்.

928 நல்ல கார். தப்பே இல்லாத கார். அதைப் பற்றி யாரும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருப்பதில்லை.

30 ஜனவரி, செவ்வாய்

கேஸ் வந்தது. இரும்பு அளவுகோலை முகத்தில் கிடத்தினால் ஓரிடத்தில் மட்டும் ஆடுகிறது. ஒரு இன்செர்ட் 0.2 மி.மீ. மேலே நிற்கிறது. அப்படியே மாட்டினால் சிலிண்டர் அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு பக்கமாகச் சாயும், அந்த ஹெட் ஆறே மாதத்தில் மறுபடியும் ஊதும்.

எந்தத் துளை என்று எழுதத் தேவையில்லை.

திருப்பி அனுப்பியாயிற்று.

10 பிப்ரவரி, சனி

காத்திருக்கும் நேரத்தில் விசிறி வேலை. 11 இதழ் விசிறி கிடைத்திருக்கிறது. பெல்ட் இறுக்கம் இதில் ஷிம்மால்: புல்லியின் இரண்டு பாதிகளுக்கு நடுவே மெல்லிய வளையங்கள். ஒன்றை எடுத்தால் பாதிகள் நெருங்கி, பெல்ட் விளிம்பை நோக்கி ஏறி இறுகும். எடுத்த ஷிம்மைத் தூக்கிப் போடக் கூடாது. வெளிப்பக்கம், நட்டுக்கு அடியில் சேர்க்க வேண்டும். உள்ளேயும் வெளியேயும் சேர்த்து எப்போதும் ஆறு. எண்ணிக்கை குறைந்தால் நட் அடிவரை போய் முட்டும், புல்லி ஆடும். விரலால் அழுத்தினால் பெல்ட் 10 முதல் 15 மி.மீ. தாழ வேண்டும்.

இன்டேக் பெட்டியில் வெடிப்பு வால்வும் ஒட்டியாயிற்று. கே-ஜெட்ரானிக் (பெட்ரோலைப் பீச்சும் முறை) எஞ்சின் குளிரில் ஒருமுறை திருப்பி அடித்தால் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி பிளக்கும்; இந்த வால்வு திறந்து அழுத்தத்தை விட்டுவிடும்.

24 பிப்ரவரி, சனி

கேஸ் சரியாக வந்திருக்கிறது. 24-ஐயும் அளந்தாயிற்று. அந்த ஒன்றை மட்டும் நாலு தடவை.

மூடும் முன் பார்க்க வேண்டியவை. எட்டாம் பேரிங், புல்லிப் பக்கம் இருப்பது, அதன் ஓ-ரிங் புதிது. துளையும் ஊசியும் நேராக இருக்க வேண்டும், பிசகினால் கேஸ் மூடாது, பலவந்தப்படுத்தினால் பேரிங் நசுங்கும். இன்டர்மீடியட் ஷாஃப்டில் கேம்களை ஓட்டும் இரண்டு செயினும் ஏறியிருக்க வேண்டும். ஒரு செயினை மேசையிலேயே விட்டுவிட்டுக் கேஸை மூடியவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். பிஸ்டன் ராடுகளை ரப்பர் வளையத்தால் தூக்கிக் கட்டு.

கேஸின் இரு பாதிகளை அடைக்கும் பசையான லாக்டைட் 574-ஐச் சின்ன ரோலரால் மெல்லிசாக ஒரு பூச்சு. காற்றில் இருக்கும்வரை இறுகாது. இரண்டு உலோகத்துக்கு நடுவே அடைபட்டால்தான் இறுகும். எனவே பதற்றம் வேண்டாம். த்ரூ போல்ட்டுகளுக்கு இரு முனையிலும் ஓ-ரிங், 35 நியூட்டன் மீட்டர், நடுவிலிருந்து ஓரத்துக்கு.

9 மார்ச், சனி

ஹெட்டுகள். முதலில் மூன்றையும் தளர்வாக வைத்து, மேலே கேம் ஹவுஸிங்கை (வால்வுகளை இயக்கும் தண்டின் கூடு) உட்கார்த்தி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கேம் விரலுக்குச் சுழல்கிறதா என்று பார். பிடித்தால் ஹெட்டுகள் ஒரே கோட்டில் இல்லை; தளர்த்தி மறுபடி. 15. 25. 32.

மூன்றாம் சிலிண்டர் கீழ் வரிசை: 'க்ளிக்'.

17 மார்ச், ஞாயிறு

கேம் டைமிங், அதாவது வால்வு திறக்கும் நேரத்தைப் பொருத்துவது. புல்லியில் இசட்-1 கோடு (ஒன்றாம் பிஸ்டன் உச்சியில் நிற்கும் குறி) கேஸ் இணைப்பில். ஒன்றாம் இன்டேக் வால்வு இடைவெளி 0.10. டயல் கேஜ் வால்வுத் தொப்பி மேல். க்ராங்கை ஒரு முழுச் சுற்று, மறுபடி இசட்-1. அப்போது வால்வு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் அளவு. அளக்கும்போது செயின் தொய்யக் கூடாது. பிசகினால் ஸ்ப்ராக்கெட் ஊசியை உருவி, கேமைத் திருப்பி, ஒத்துவரும் துளையில் மீண்டும் சொருகு. இரண்டு வட்டத்திலும் துளை எண்ணிக்கையில் ஒன்று வித்தியாசம் வைத்தது இந்த நுண்திருத்தத்துக்காகத்தான். பிறகு 46 மி.மீ. நட், 150 நியூட்டன் மீட்டர். இறுக்கியதும் மறுபடி அள, கேம் நகர்ந்திருக்கும். நகர்ந்திருந்தது. மூன்று முறை.

நாலாம் சிலிண்டருக்கும் இதே.

29 மார்ச், வெள்ளி

எஞ்சின் ஏறிவிட்டது. எர்த் பட்டை முதலில்.

30 மார்ச், சனி

ஆயில் ஊற்றியாயிற்று. பிளக் ஆறையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை உருவி, ஸ்டார்ட்டர் 10 வினாடி. நிறுத்து. ஆயில் அழுத்த முள் அசையவில்லை. 10 வினாடி. அசையவில்லை. ஆயில் டாங்கிக் குழாயில் காற்றா? ஸ்டார்ட்டர் ஆற ஐந்து நிமிஷம். 10 வினாடி. முள் ஒரு துடிப்பு, பிறகு மெதுவாக ஏறி நின்றது.

நாளை 31 மார்ச். காற்றால் குளிரும் கடைசி 911 சுஃபென்ஹவுசனில் இறங்கியது 1998-இல் இதே தேதியில்தான். பிளக் மாட்ட வேண்டும்